இங்கிலீஷில் நம்ம ஊர்க் கதைகள்

செஞ்சி வட்டாரத்தில் உள்ள தளவானூரில், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் குகைக்கோயில் இருக்கிறது. வயது ஏறத்தாழ 1,400 ஆண்டுகள். அங்கே வடமொழியிலும் கல்வெட்டு உண்டு, தமிழிலும் உண்டு. ஒரே ஊரில் இரண்டு மொழி புழங்குவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை.

இன்று இங்குள்ள பிள்ளைகளுக்கு இரண்டாவது மொழி இங்கிலீஷ். அதைப் பழக்க பெற்றோர் ஆசையாக ஒரு கதைப் புத்தகம் வாங்கித் தருகிறார்கள். திறந்தால் பனிமனிதன், கணப்பு அடுப்பு, ஓக் மரம். மொழியும் புதிது, கதையில் வரும் பொருளும் புதிது. நாலு பக்கம் தாண்டுவதற்குள், “எனக்கு இங்கிலீஷ் வராதும்மா” என்று பிள்ளை புத்தகத்தை மூடிவிடுகிறது.

நம் நாட்டு எழுத்தாளர்கள் இங்கிலீஷில் எழுதிய சிறுவர் கதைகள் இந்தச் சுமையைப் பாதியாகக் குறைக்கும். காட்சி ஏற்கெனவே தெரியும். சொல்லை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். சிக்கல் என்னவென்றால், கடைக்குப் போய் “பசங்களுக்கு நல்ல இங்கிலீஷ் புக்” என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் வெளிநாட்டுப் புத்தகம்தான் கைக்கு வரும். எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஸாய் விட்டேக்கர் எழுதிய ‘காளி அண்ட் த ரேட் ஸ்நேக்’. காளி ஓர் இருளர் வீட்டுப் பையன். அப்பா பாம்பு பிடிப்பவர். பள்ளிக்கூடத்தில் அதைச் சொன்னதும் மற்ற பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். ஒருநாள் வகுப்புக்குள் சாரைப்பாம்பு நுழைகிறது. எல்லோரும் அலற, காளி அதைப் பிடித்துவிடுகிறான். அதன்பிறகு அவன்தான் வகுப்பின் நாயகன். செஞ்சி வட்டாரத்திலும் இருளர் குடும்பங்கள் உண்டு. தன் அப்பாவின் தொழில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் பெருமையாக வந்திருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த மொழி அந்நியமாக இருக்காது. அதே வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் அந்தக் கதை தேவை.

எட்டு, ஒன்பது வயதுக்கு ரஸ்கின் பாண்ட். 1934-ல் கசௌலியில் பிறந்தவர், மலையூர்களைப் பற்றி எளிய வாக்கியங்களில் எழுதுபவர். ‘த ப்ளூ அம்ப்ரெல்லா’வில் ஒரு மலைக்கிராமத்துச் சிறுமிக்கு நீலக்குடை கிடைக்கிறது; கடைக்காரருக்கு அதன்மேல் ஆசை வந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் கீழே வைக்க முடியாது.

பத்து வயதுக்கு மேல் ஆர்.கே.நாராயணின் ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’. 1935-ல் வந்த புத்தகம். பரீட்சை பயம், கிரிக்கெட், சிநேகிதச் சண்டை எல்லாம் இன்றைக்கும் பொருந்தும். சென்னையில் பிறந்த பத்மா வெங்கட்ராமனின் ‘த பிரிட்ஜ் ஹோம்’ (2019), சென்னையில் வீடில்லாமல் வாழும் நான்கு பிள்ளைகளின் கதை. கண் கலங்க வைக்கும். பெரியவர்கள் கூடவே படிப்பது நல்லது.

இன்னும் பெயர்கள் வேண்டுமென்றால், சாகித்ய அகாடமி 2010 முதல் வழங்கும் பால சாகித்ய புரஸ்கார் பட்டியலைப் பார்க்கலாம். தமிழுக்குத் தருவதுபோலவே ஆங்கிலத்துக்கும் தனி விருது உண்டு. 2012-ல் ரஸ்கின் பாண்டும், 2023-ல் சுதா மூர்த்தியும் பெற்றது அதைத்தான்.

பதிப்பகம் பார்த்துத் தேடுவதும் எளிது. சென்னையின் தூலிகா, ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷும் இருக்கும் படப் புத்தகங்களைப் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்களில் பல இரு மொழிகளிலும் தனித்தனியாகக் கிடைக்கும், விலையும் குறைவு. செலவே வேண்டாம் என்றால், பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளம் போனிலேயே திறக்கும். படிக்கும் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகக் கதைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்றாலும் முதல் நிலையில் ஆரம்பிப்பதில் வெட்கம் வேண்டாம். அகராதியும் வேண்டாம், படத்தைப் பார்த்து அர்த்தம் யூகிக்கட்டும்.

அம்மா அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே என்ற கவலையும் தேவையில்லை. சுதா மூர்த்தியின் புகழ்பெற்ற கதை ஒன்றில், வார இதழில் வரும் தொடர்கதையைப் பேத்தி படித்துச் சொல்லக் கேட்டு ரசிக்கிறார் ஒரு பாட்டி. பேத்தி ஊரில் இல்லாத வாரம் இதழைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறார். பிறகு 62 வயதில் அந்தப் பேத்தியிடமே எழுத்துப் படிக்கிறார். பூஜை நாளில் குருவாக நினைத்து அவள் காலைத் தொடுகிறார்.

அதையே வீட்டில் செய்து பார்க்கலாம். பிள்ளை இங்கிலீஷில் படித்த கதையை, ராத்திரி சாப்பாட்டின்போது பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். “அப்புறம் என்னாச்சு கண்ணு?” என்று பாட்டி கேட்டால், மறுநாள் அடுத்த பக்கத்தைப் பிள்ளை தானே புரட்டும்.