சுருக்கம் நோயன்று

முகத்தில் விழும் சுருக்கம் நோயா என்னும் வினா முன்னர் யாழ்ப்பாணத்தில் எழுந்ததில்லை. இன்று எழுகின்றது. இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் நல்லூர்த் திருவிழாவிற்கும் கலியாண வீடுகளுக்கும் வந்து செல்லும் உறவினரின் மடிப்பற்ற நெற்றிகளும், கைத்தொலைபேசியில் ஓயாது ஓடும் விளம்பரங்களும், நாற்பதைக் கடந்த ஆசிரியையையோ வங்கி உத்தியோகத்தரையோ கண்ணாடி முன் நிறுத்தி, ‘ஓர் ஊசி போட்டால் என்ன?’ என எண்ண வைக்கின்றன. இதனைத் தனிமனித ஆசையென ஒதுக்கிவிடுதல் தகாது.

அவ்வூசி யாது? பொட்டொக்ஸ் என்னும் வணிகப் பெயரால் அறியப்படும் இம்மருந்து, பொட்டுலினம் என்னும் கொடிய நஞ்சின் மிக நுண்ணிய அளவாகும். 1895 இல் பெல்ஜியத்துக் கிராமமொன்றில் மரணவீட்டு விருந்தில் பதனிட்ட பன்றியிறைச்சி உண்டோர் பலர் நோயுற்றனர்; சிலர் மாண்டனர். அதனை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கம் இந்நஞ்சைத் தோற்றுவிக்கும் பற்றீரியாவைக் கண்டறிந்தார். நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை இந்நஞ்சு தடுக்கின்றது. தசை ஓய, அதன் மேலுள்ள தோல் மடிப்பின்றிக் கிடக்கின்றது. இவ்விளைவு நிலைப்பது மூன்று நான்கு மாதங்களே. பின்னர் மீண்டும் ஊசி, மீண்டும் பணம். இளமை ஈண்டு விற்கப்படுவதில்லை, குத்தகைக்கே விடப்படுகின்றது.

இம்மருந்தின் நன்மையை மறுத்தல் நேர்மையன்று. அமெரிக்கக் கண் மருத்துவர் அலன் ஸ்கொட் மாறுகண்ணைச் சீராக்க இதனைக் கையாண்டார். 1989 இல் மாறுகண்ணுக்கும் இமைத்தசை இறுக்கத்திற்கும் அந்நாடு இதனை அங்கீகரித்தது. பாரிசவாதத்தால் இறுகிய கைகால்களைத் தளர்த்தவும் இஃது உதவுகின்றது. கனடாவின் வன்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸ், இமை நோய்க்கு ஊசி ஏற்றப்பெற்ற ஒருவரின் புருவமிடைச் சுருக்கம் மறைந்ததைக் கவனித்தார். தோல் மருத்துவரான தம் கணவருடன் 1992 இல் அதனை ஆய்வாக வெளியிட்டார். 2002 இல் அமெரிக்கா சுருக்கத்திற்கும் அனுமதி வழங்கிற்று. நோயாளர் தொகைக்கு எல்லையுண்டு. மூப்படைவோர் தொகைக்கு எல்லையில்லை. எனவே சுருக்கத்தையும் நோயாக்குதல் வணிகத்திற்குத் தேவையாயிற்று.

‘என் முகம், என் பணம், என் உரிமை’ என்பர் சிலர். உரிமையே. ஆயினும், வேண்டாமென்பவர் எதனையும் இழக்காதபோதே தெரிவு சுதந்திரமானதாகும். மணப்பெண்ணின் நிறத்தையும் வயதையும் சாதகக் குறிப்போடு சேர்த்து எடைபோடும் சமூகமன்றோ இது! போரினாலும், சீதனக் கொடுமையாலும், உடன்பிறந்தாரைக் கரைசேர்க்க உழைத்தமையாலும் திருமணம் பிந்திய பெண்கள் எத்தனை பேர்! அக்கோடுகளை அவர்தம் நெற்றியில் இட்ட சமூகமே அவற்றை அழித்து வருமாறும் ஏவுகின்றது. அதே சுருக்கம் ஆணின் முகத்தில் அனுபவமெனப் போற்றப்படுகின்றது.

முகத்தசைக்கு மொழியுண்டு என்பதைத் தமிழர் அறியாதவரல்லர். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே உண்டு. அது கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் வெகுளியும் ஒன்று. மருதனார்மடத்தில் பரதம் பயில்வோர் புருவத்தைப் பேசவைக்க ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். சினங்கொள்ளக் காரணங்கள் மலிந்த பெண்ணொருத்தியின் புருவத்தையே உறங்க வைக்கும் ஊசியை அழகென்பது விந்தையே.

தகுதியற்றோர் கையில் இவ்வூசி ஆபத்துமாகும். 2025 ஜூன், ஜூலை மாதங்களில் இங்கிலாந்தில் அழகூசி ஏற்றிக்கொண்டோருள் முப்பதுக்கும் மேற்பட்டோர் இந்நஞ்சு நோய்க்கு ஆளாயினர். இமை தொங்கிற்று, பேச்சுக் குழறிற்று, விழுங்குதல் அரிதாயிற்று. பதினெட்டு வயதிற்குட்பட்டோர்க்கு அழகிற்காக இதனை ஏற்றுதல் 2021 முதல் அங்கே குற்றமாகும். இலங்கையிலும் மருந்துகளை ஒழுங்குபடுத்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஏற்றுபவர் பதிவுபெற்ற மருத்துவரா, மருந்து பதிவுபெற்றதா என்று கேட்பது ஒவ்வொருவரின் கடமையாகும். அழகு நிலையத்துக் கதிரை மருத்துவமனைக் கட்டிலாகாது.

எனினும், ஊசியை மறுக்குமாறு பெண்ணுக்கு மட்டும் உபதேசித்தல் பழியை மீண்டும் அவள் தலையிலேயே சுமத்துவதாகும். ‘மணமகள் தேவை’ விளம்பரங்களை எழுதுவோர் முதலில் திருந்தட்டும். மகனின் வயதை மறைத்துப் பெண்ணின் வயதை விசாரிக்கும் பெற்றோர் திருந்தட்டும். தாயின் சுருக்கத்தை வணங்கி, மனைவியின் சுருக்கத்தை எள்ளும் ஆடவர் திருந்தட்டும். நிறமும் வயதெல்லையும் குறித்து அவ்விளம்பரங்களில் எழுதப்படுகின்றனவே, நீக்கப்பட வேண்டிய வரிகள் அவையே.