ஆசாரி வேலை நமக்கெதுக்கு சார்?

கௌண்டின்யா கப்பல் 2026 ஜனவரியில் மஸ்கட் போய்ச் சேர்ந்தபோது இங்கே செகந்திராபாத்தில் நம்மவர்கள் வாட்ஸப் குழுவில் ஒரே புல்லரிப்பு. ஆணி அடிக்காமல், தேங்காய்நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்த கப்பல் போர்பந்தரிலிருந்து பாய் விரித்து ஓமன் போய்விட்டதே! 'நம்ம முன்னோர்கள் ஒண்ணும் முட்டாள்கள் இல்ல' வகை ஃபார்வர்டுகளுக்குக் கணக்கே இல்லை.

அதே குழுவில் ஒரு வாரம் கழித்துக் கேட்டேன்: கோடை லீவில் நம் பிள்ளைகளை வைத்து ஒரு சின்னப் பாய்மரப் படகு கட்டலாமா? வந்த முதல் பதில்: "ஆசாரி வேலையெல்லாம் நம்ம பசங்களுக்கு எதுக்கு சார்?" அதற்குப் பதினோரு கட்டைவிரல்!

அய்யா, கௌண்டின்யாவைத் தைத்தவர்கள் பாபு சங்கரன் தலைமையில் வந்த கேரளத்துத் தச்சர்கள். மாதிரிச் சோதனைக்குக் கைகொடுத்தது ஐஐடி மெட்ராஸ். இரண்டாவதை மட்டும் எல்லோரும் சரியாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த சாக்கு, அது பணக்காரர் விளையாட்டு என்பது. 1947-ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த ஆப்டிமிஸ்ட், சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்காக 8க்கு 4 அடி ப்ளைவுட்டில் மலிவாகச் செய்யவென்றே பிறந்தது. நீளம் 8 அடிகூட இல்லை. 1963-ல் பிரிட்டனில் டெய்லி மிரர் பத்திரிகை ஆதரவில் வந்த மிரர் படகை, சம்பளக்காரர்கள் கார் ஷெட்டிலேயே கட்டினார்கள். 70,000-க்கு மேல் ஆகிவிட்டது.

அதைக் கட்டும் முறையைக் கேளுங்கள். ப்ளைவுட்டை அளந்து அறுத்து, ஓரங்களில் சின்னச் சின்னத் துளை போட்டு, செப்புக் கம்பியால் இரண்டு பலகையைச் சேர்த்துத் தைக்க வேண்டும். மூட்டின் மேல் கண்ணாடி இழை நாடாவும் பிசினும். தையல்தான் சார்! மெட்ராஸில் துறைமுகம் வருவதற்கு முன், அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலா படகும் கயிற்றால் தைத்ததுதான். வெள்ளைக்காரன் கம்பியில் தைத்தால் ஹாபி, நாம் தைத்தால் ஆசாரி வேலையா?

மரத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? உங்கள் சமையலறை சிங்க்குக்கு அடியில் பாருங்கள். ஐஎஸ் 710 முத்திரையோடு மரைன் ப்ளை இருந்தாலும் இருக்கும். படகுக்கான பலகையில் பருப்பு டப்பா அடுக்கி வைத்திருக்கிறோம் :-)

இடமும் பிரச்சினை இல்லை. ஒரு கார் நிற்கும் பார்க்கிங்கில் ஆப்டிமிஸ்ட்டைக் கட்டி, சுற்றி நின்று வேலையும் பார்க்கலாம். அந்தக் காருக்கு ஏழு வருஷம் வட்டி கட்டும்போது எதற்கென்று யாரும் கேட்பதில்லை. (லோன் பேப்பரில் கையெழுத்துப் போடுபவன் சொல்கிறேன்.)

கோச்சிங் கிளாஸில் தப்பு விடைக்கு ஒரு மார்க் போகும். இங்கே பலகையில் மூன்று மில்லிமீட்டர் தப்பினால் ஓரம் ஓரத்தோடு சேராது. யாரையும் கெஞ்சி ரீவேல்யுவேஷன் போட முடியாது. திரும்ப அறுக்க வேண்டும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதுவரை ரம்பம் பிடித்திருக்கிறார்கள்? பல்பு மாற்றவே ஆப்பில் ஆள் கூப்பிடுகிற வீடுகள் நம்முடையவை.

ஒரு ஆட்சேபணையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: தண்ணீர் பயம். நியாயம்தான். நீச்சல் தெரியாத பிள்ளையையும் லைஃப் ஜாக்கெட் போடாத பிள்ளையையும் நானே ஏற்ற மாட்டேன். படகு முடிய ரெண்டு மாசம் ஆகும். அதற்குள் நீச்சல் கற்றுக்கொள்ளட்டும். அப்பாக்களும்தான்.