கல்விக் கட்டணச் சலுகையும் சொந்த ஊரும்

புகைவண்டியில் எதிரே அமர்ந்திருப்பவர் நம்மை முதலில் வினவுவது, "தங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதே. பிழைப்பு நாடி வெளிமாநிலம் வந்து இருபது, முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நம்மவர் சற்றுத் தயங்கியே விடை கூறுவர். பிறந்த ஊரைச் சொல்வதா, வாழும் ஊரைச் சொல்வதா என்னும் தயக்கம் அது. வண்டியில் இத்தயக்கத்தால் கேடொன்றும் இல்லை. அதே கேள்வியைக் கல்லூரி அலுவலகம் கேட்கும்பொழுதோ, விடை பிழைத்தால் ஓராண்டுக் கட்டணம் கையைவிட்டுப் போகிறது.

சென்ற திங்கள் ஒரு ஞாயிறு மாலையில் அன்பர் ஒருவர் காகிதக் கட்டுடன் சங்கத்திற்கு வந்தார். வெல்டிங் தொழில் செய்பவர். திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பட்டியல் சாதியைச் சேர்ந்த குடும்பம். மகள் நாம் வாழும் இம்மாநில அரசின் பொறியியற் கல்லூரி ஒன்றில் நல்ல மதிப்பெண்ணுடன் இடம் பெற்றாள். "இங்கே பிறந்தவள், இங்கே படித்தவள், ஆகவே கட்டணம் இராது" என்று வீட்டார் நம்பியிருந்தனர். அலுவலகத்தாரோ, "உங்கள் குலம் தமிழ்நாட்டுப் பட்டியலைச் சேர்ந்தது, இம்மாநிலச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது" என்று கூறிவிட்டனர். தமிழ்நாட்டின் வழியே உதவித்தொகை கேட்கலாம் என்று அவர் அறிந்தபோது, அவ்வாண்டின் விண்ணப்ப நாள் கடந்துவிட்டது. வீட்டம்மையாரின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. "நாங்கள் செய்த பிழை என்ன, ஐயா?" என்று அவர் கேட்டார்.

பிழை ஒன்றும் இல்லை. விதியை முன்னரே எவரும் எடுத்துரைக்கவில்லை என்பதுதான் குறை. அக்குறையை நம்மால் இயன்ற அளவு இங்கே போக்க முயல்வோம்.

கட்டணச் சலுகைக்கு வறுமை ஒன்றே தகுதி என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வருவாய், குலம், ஊர் ஆகிய மூன்றையும் விதிகள் பார்க்கின்றன. இவற்றுள் ஊர் என்பதற்கு ஒவ்வொரு விதியும் ஒவ்வொரு பொருள் கொள்கிறது.

முதலாவது, குலத்தை ஒட்டிய ஊர். பட்டியல் சாதிகளையும் பழங்குடிகளையும் குறித்துக் குடியரசுத் தலைவர் 1950-இல் பிறப்பித்த ஆணைகள் மாநிலவாரியாக அமைந்தவை. ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ள பெயர் மற்றொன்றில் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும், ஒருவர் எம்மாநிலத்தவர் என்பது குடும்பத்தின் பூர்விகத்தைக் கொண்டே முடிவாகும். ஆந்திரத்திலிருந்து மும்பைக்குப் பணி மாறி வந்த ஒருவரின் மகன் அங்கே மருத்துவக் கல்லூரி இடம் கோரிய வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 1990-இல் இதனைத் தெளிவாக்கியது. குடிபெயர்ந்தவர் தம் பூர்விக மாநிலத்திலும், மத்திய அரசின் நிறுவனங்களிலும் உரிமை பெறலாம். புதிதாகக் குடியேறிய மாநிலத்தின் சலுகையைக் கோர இயலாது. 2018-இலும் ஐவர் அமர்வு ஒன்று இந்நெறியை உறுதி செய்தது. மத்திய அரசின் துணையுடன் பட்டியல் சாதி மாணவர்க்கு வழங்கப்படும் மேற்படிப்பு உதவித்தொகையையும், மாணவர் எம்மாநிலத்தைச் சேர்ந்தவரோ அம்மாநில அரசே வழங்கும். அதற்குப் பெற்றோர் ஆண்டு வருவாய் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதிருத்தல் வேண்டும். நம் அன்பர் தட்ட வேண்டிய கதவு திருவண்ணாமலையில் இருந்தது. அவர் தட்டியது இங்கே.

இரண்டாவது, பள்ளியை ஒட்டிய ஊர். தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில், அதாவது என்.ஐ.டி.க்களில், பாதி இடங்கள் அவ்வக் கழகம் அமைந்துள்ள மாநிலத்தவர்க்கு உரியவை. இங்கே பூர்விகத்தை எவரும் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை எம்மாநிலத்தில் தேறினாரோ அம்மாநிலமே மாணவரின் மாநிலம். ஆதலால் நம் பிள்ளைகள் திருச்சியில் அயலார்; இங்கே உள்ளூரார்.

மூன்றாவது, தமிழ்நாட்டு அரசு கேட்கும் ஊர். அங்கே பொறியியற் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்க்கு வேறு சான்று வேண்டுவதில்லை. வெளியே படித்த நம் பிள்ளைகளோ, தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டவர் என்பதற்கு 'நேட்டிவிட்டி' சான்றிதழ் காட்டுதல் வேண்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அவ்வரசு அளிக்கும் கட்டணச் சலுகையில் வருவாய் வரம்போ குல வேறுபாடோ இல்லை. ஆனால் கலந்தாய்வின் வழியே சேர்ந்திருத்தல் வேண்டும். வீட்டில் முன்னர் எவரும் பட்டம் பெற்றிருத்தல் கூடாது. அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கே அது உரியது. வெளிமாநிலத்துப் பிள்ளைகள் அதனை எதிர்பார்த்திருத்தல் வீண்.

ஊரைக் கேளாமல் வருவாயையும் குலத்தையும் மட்டும் கேட்கும் சலுகைகளும் உண்டு. நம்மவர் முதலில் அறிய வேண்டியவை அவையே. 2016-இல் ஐ.ஐ.டி.க்களில் பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2,00,000 ரூபாயாகவும், என்.ஐ.டி.க்களில் 1,25,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டபோதே சலுகைகளும் வகுக்கப்பட்டன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர்க்கு, வருவாய் எதுவாயினும், கல்விக் கட்டணம் முழுதும் நீக்கம். ஏனையோருள் குடும்ப ஆண்டு வருவாய் ஒரு லட்சத்திற்குக் குறைந்தால் முழு நீக்கம். ஒன்று முதல் ஐந்து லட்சம் வரையில் மூன்றில் இரு பங்கு நீக்கம். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கு இடஒதுக்கீடு உண்டு. எனவே கட்டணமும் இராது என்று கருதுதல் தவறு. இடஒதுக்கீடு வேறு, கட்டண நீக்கம் வேறு. அவர்கட்கு வருவாய்ச் சான்றே துணை.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கட்டண விலக்குத் திட்டம் மற்றொன்று. கல்லூரியின் வழக்கமான இடங்களுக்கு மேல் 5 விழுக்காடு இதற்கென உண்டு. பெற்றோர் ஆண்டு வருவாய் 8 லட்சத்திற்குக் குறைந்திருத்தல் வேண்டும். சேர்ந்தபின் கல்லூரியையோ பாடப்பிரிவையோ மாற்றிக்கொள்ள இயலாது.

இச்சலுகைகளில் நீங்குவது கல்விக் கட்டணம் மட்டுமே என்பதை மறத்தல் ஆகாது. விடுதி, உணவு, தேர்வு முதலியவற்றிற்கான செலவு பெரும்பாலும் பெற்றோரையே சாரும். "கட்டணம் இல்லை" என்ற சொல்லை மட்டும் நம்பி, கையில் பணமின்றி விடுதி வாயிலில் நின்ற பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம்.

இனிச் செய்ய வேண்டுவன யாவை? பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் காலடி வைத்தவுடனே காகிதங்களைத் தேடத் தொடங்குங்கள். தந்தையின் பெயரில் பூர்விக மாநிலம் வழங்கிய சாதிச் சான்றே வேர். அதனைக் காட்டினால், வாழும் மாநிலத்து அதிகாரியும் பிள்ளைக்குக் குடிபெயர்ந்தோர்க்குரிய சான்று வழங்க விதி இருக்கிறது. தந்தைக்கே சான்று இல்லையேல், அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் ஒதுக்கும் நாட்களுள் ஒன்றை வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் ஒதுக்குங்கள். வருவாய்ச் சான்றைப் பழையதாக வைத்திராமல் அவ்வப்போது புதிதாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பெயரையும் பாருங்கள். நம் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னொட்டு. இங்குள்ள பள்ளிகளோ குடும்பப் பெயர் கேட்டு, தந்தை பெயரை முழுதாகப் பின்னால் எழுதிவிடுகின்றன. ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று, சாதிச் சான்றில் ஒன்று என்று மூவகைப் பெயருடன் ஒரே பிள்ளை நிற்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் முன்னரே இதனைச் சீர் செய்தல் நன்று. பின்னர்த் திருத்துவது பெரும்பாடு.

ஓரிடத்தின் தாழ்வை அவ்விடத்தை வைத்தே அளத்தல் வேண்டும் என்று சட்டம் கருதுவதில் நியாயம் உண்டு. ஆயினும் இரண்டு ஊர்களுக்கும் உழைத்த குடும்பம் இரண்டு ஊர்களிலும் அயலாராய் நிற்கும்போது நெஞ்சம் வருந்தவே செய்கிறது. சட்டம் மாறும்வரை, அறியாமையால் இழப்பதையேனும் நாம் தடுக்கலாம் அன்றோ? சங்கத்தில் ஆண்டுக்கொரு ஞாயிறு இக்காகிதங்களைச் சரிபார்ப்பதற்கென்றே ஒதுக்கலாம் என்று செயற்குழுவினருக்கு இப்பகுதியின் வாயிலாகப் பரிந்துரைக்கிறோம்.

வந்திருந்த அன்பருக்கு ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகனும் இருக்கிறான். பொங்கலுக்கு ஊர் செல்லும்போது வட்டாட்சியர் அலுவலகத்தையே முதலில் காண்பதாகச் சொல்லி, காகிதக் கட்டை மீண்டும் கட்டிக்கொண்டு எழுந்தார். வளையல்கள் இன்னும் மீளவில்லை. மகனுக்காக மற்றொன்று அடகு போகாதிருக்கட்டும் என்பதே நம் வேண்டுதல்.