மழைக்காலத்திலும் வாருங்கள்

கேரளத்து மீனவ ஊரான விழிஞ்ஞத்துக்கு வெளிநாட்டு வாலன்டியர்கள் வந்து சேர்வது நவம்பரில். பக்கத்தில் கோவளத்து விடுதிகள் வெள்ளையடித்துத் திறக்கும் அதே சமயத்தில், இங்கே படிப்பு மையங்களிலும் புதுமுகங்கள் தென்படும். டிசம்பர், ஜனவரி முழுக்கக் கலகலப்பு. வெயில் ஏறி, எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகள் மார்ச் பரீட்சைக்கு உட்காரும் நேரத்தில் முக்கால்வாசிப் பேர் விமானம் ஏறியிருப்பார்கள். ஜூனில் கேரளத்துப் பள்ளிகளும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாகத் தொடங்கும்போது, ஒத்தாசைக்கு ஓர் ஆள்கூட இருப்பதில்லை.

இதை யார்மீதும் குறையாகச் சொல்லவில்லை. நான் நாகர்கோவில்காரி, கல்யாணத்துக்குப் பிறகு திருவனந்தபுரத்தில் வாசம். சனிக்கிழமைகளில் விழிஞ்ஞம் மேட்டில் உள்ள ஒரு சிறிய படிப்பு மையத்துக்குப் போய், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ் என்று பல நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். பிறந்த ஊரை விட்டு, மொழி தெரியாத கரைக்கு வந்து, வியர்வையில் நனைந்தபடி இருபது பிள்ளைகள் நடுவே உட்காரும் அந்த இளைஞர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த மரியாதையால்தான் இதை எழுதுகிறேன்.

மையத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். துறைமுகத்தில் ஏலம் முடிந்து, அம்மாமார் அலுமினியப் பாத்திரத்தில் மீனோடு வீடுவீடாக விற்கக் கிளம்பிய பிறகுதான் பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவார்கள். காலையில் சாப்பிட்டாயா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் கஞ்சி, பயறு. பிறகு ஆஜர் எடுப்பது. வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே கோடு போட்டுவிட்டு டீச்சர் நிறுத்திக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் விசாரிப்பார், மதியம் வீட்டுக்கே போய்விடுவார். வாசிப்பு, கணக்கு, விளையாட்டு எல்லாம் அதற்கப்புறம். திருவனந்தபுரத்து வழக்கில் அண்ணன், அக்கா என்ற முறைதான் அதிகம். வந்த வாரமே வெளிநாட்டுப் பெண்ணும் ‘அக்கா’ ஆகிவிடுவாள்.

போன சீசனில் நடந்தது இது. பெல்ஜியத்துப் பெண் ஒருத்தி கரும்பலகையில் வகுத்தல் கணக்கு எழுதிப் போட்டாள். போட்டுப் பார்த்தவன் நன்றாகப் படிக்கிற பையன். ஐந்து கணக்கில் மூன்று தப்பு. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த டீச்சர் பலகையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். “அவனுக்குக் கணக்கு தெரியும் அக்கா. ஒண்ண ஏழுன்னு வாசிச்சிருக்கான்” என்றார் என்னிடம். ஐரோப்பாவில் ஒன்றை எழுதும்போது இடது பக்கம் ஒரு நீளக் கொம்பு இழுத்துவிடுவார்கள். அது ஏழாகிவிடக் கூடாதென்று ஏழின் நடுவில் குறுக்குக்கோடு போடுவார்கள். நம் பிள்ளை கண்ணுக்குக் கொம்புவைத்த ஒன்று சாட்சாத் ஏழுதான். வகுத்தலை எழுதும் முறையும் அவர்களுக்கு வேறு. நாம் வகுக்கும் எண்ணை இடப்பக்கம் வைத்து ஈவை மேலே எழுதுகிறோம். பெல்ஜியத்தில் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் வைத்து அதற்குக் கீழே ஈவை எழுதுகிறார்கள். தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி. எல்லாம் சரியான கணக்கு. ஆனால் பரீட்சைத் தாளைத் திருத்தப்போவது நம் ஊர் வாத்தியார்.

அந்தப் பெண் செய்த காரியம் என் மனதில் நிற்கிறது. சாக்பீஸை டீச்சர் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தாள். நம் முறையில் வகுத்தலைக் கற்றுக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து பலகைப் பக்கம் போகாமல், பின்தங்கிய இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே புளியங்கொட்டையோடு உட்கார்ந்து, கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் ஒரு பிள்ளையோடு மட்டும் உட்கார நம் டீச்சருக்கு நேரம் எங்கே? வெளியிலிருந்து வருபவர் தரக்கூடிய மிகப் பெரிய உதவி அந்த நாற்பது நிமிடம். வகுப்பு எடுப்பதை இந்த ஊர் டீச்சர் பார்த்துக்கொள்வார்.

இதே கரையில் இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. செபாஸ்டியன் இந்தியன் சோஷியல் புராஜெக்ட்ஸ், சுருக்கமாக சிஸ்ப், 1996இல் பெல்ஜியத்தவர்கள் முயற்சியில் தொடங்கிய அமைப்பு. கோவளம் – விழிஞ்ஞம் வட்டாரத்தில் பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளைகளுக்காக அது பள்ளி நடத்திவந்தது. அங்கே வந்த பெல்ஜிய இளைஞர் யெல்லே ரிகோல் 2005இல் கோவளம் சர்ஃப் கிளப்பைத் தொடங்கினார். அலைப்பலகையில் ஏற ஆசைப்படாத கடற்கரைப் பிள்ளை உண்டா? கிளப் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: பள்ளிக்குப் போகாவிட்டால் பலகை கிடையாது. அங்கே அலையேறப் பழகியவர்களில் ஒருவர் ரமேஷ் புதிஹால். குடும்பம் கர்நாடகத்திலிருந்து கோவளத்துக்குப் பிழைக்க வந்தது. 2025 ஆகஸ்டில் நம் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் அவர் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

பதக்கத்தைவிட என்னைக் கவர்வது அந்த 2005க்கும் 2025க்கும் நடுவில் உள்ள இருபது வருடம். ஒரு சீசனுக்கு வந்து போனவரால் இது நடந்திருக்காது. நிபந்தனை போட்டால் மட்டும் போதாதே. இன்றைக்குப் பையன் பள்ளிக்குப் போனானா என்று தினமும் கேட்க ஆள் வேண்டும். மழையிலும் கேட்க வேண்டும்.

எல்லோரும் வருடக்கணக்கில் தங்க முடியாது என்பது தெரியும். முன்பு அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பில் இந்தியாவுக்கு வந்தவர்கள் இரண்டு வருடம் தங்கினார்கள். 1961 முதல் 1976 வரை அது நடந்தது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் அம்மா லில்லியன் கார்ட்டர், 68 வயதில் அப்படி மும்பை விக்ரோலிக்கு வந்து நர்ஸ் வேலை பார்த்தார். இப்போது இ-டூரிஸ்ட் விசாவில் வருபவர் சம்பளமில்லாத தன்னார்வ வேலை செய்ய அதிகபட்சம் ஒரு மாதம்தான் அனுமதி. பிள்ளைகளின் பெயர் மனதில் பதிவதற்கே இரண்டு வாரம் பிடிக்கும். மிச்சம் இரண்டு வாரம்.

ஒரு மாதம்தான் என்றால், எந்த மாதம் என்பதையாவது யோசிக்கலாம் அல்லவா? ஜூன், ஜூலையில் விழிஞ்ஞத்தைப் பார்க்க வேண்டும். மற்றக் கரைகளில் அலை சீறி வள்ளம் இறக்க முடியாத அந்த மாதங்களில், காற்றுக்கு ஒதுங்கிய இந்தத் துறைமுகத்துக்குச் சுற்றுவட்டாரத்து வள்ளங்களெல்லாம் வந்துவிடும். பூந்துறை, அடிமலைத்துறை, புல்லுவிளை, குமரி மாவட்டத்துக் கரைகள் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகு இழுவலைக்குத் தடை. பாரம்பரிய வள்ளங்களுக்குத் தடை கிடையாது. கணவாயும் நெத்திலியும் கொட்டும் காலம் அது. ராத்திரி பகலாகத் துறைமுகம் விழித்திருக்கும். ஐஸ் தூக்க, கூடை பிடிக்க, வலையிலிருந்து மீன் பிரிக்கச் சின்னக் கைகளுக்கும் வேலை கிடைக்கும். பன்னிரண்டு வயதுப் பையன் கையில் நூறு ரூபாய் சேர்ந்தால் அவனைத் திரும்பவும் பெஞ்சில் உட்காரவைப்பது எளிதல்ல. பள்ளியிலிருந்து நிற்கும் பிள்ளை பெரும்பாலும் மார்ச்சில் தோற்று நிற்பதில்லை. ஜூனில் வராமலேயே நின்றுவிடுகிறது.

2025இல் அந்த ஜூன் இன்னும் கடினமாக இருந்தது. மே 2ஆம் தேதி விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். மே 25ஆம் தேதி, அந்தத் துறைமுகத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 சரக்குக் கப்பல் கொச்சிக்கு வெளியே மூழ்கியது. பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரத்துக் கரைவரை வந்து ஒதுங்கின. மீன் வாங்க ஆட்கள் தயங்கினார்கள். ஜூன் 2 அன்று பள்ளி திறந்தது. நோட்டு, குடை, செருப்பு, சீருடை என்று வீட்டில் காசு வேண்டிய அந்த வாரத்தில் பாத்திரத்து மீன் பாத்திரத்திலேயே திரும்பி வந்தது. எங்கள் டீச்சர் ஒருவரே வீடுவீடாக ஏறி இறங்கினார். டிசம்பரில் நாலு பேர் சுற்றி நின்ற இடத்தில் அன்று அவர் தனியாக இருந்தார்.

கல்விக்கு நிலையான ஏற்பாடு வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. விழிஞ்ஞம் ஆய் அரசர்களின் தலைநகராக இருந்த ஊர். ஆய் அரசன் கருநந்தடக்கன் 866இல், இன்றைய குமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்குப் பக்கத்திலுள்ள பார்த்திவசேகரபுரத்தில், காந்தளூர்ச் சாலையை மாதிரியாக வைத்து 95 மாணவர்களுக்கு ஒரு சாலை, அதாவது கல்விக்கூடம், அமைத்தான். வேதம் படித்த, சட்டர் எனப்பட்ட மாணவர்களுக்கான இடம் அது. கடலோடி வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் அரசன் நிலத்தை எழுதிவைத்து அதன் வருமானத்தில் சாலையை நடத்தச் செய்தான் என்பது கவனிக்கத்தக்கது. கடற்கரைப் பிள்ளைக்கும் அப்படியொரு வருடம் முழுவதற்குமான ஏற்பாடு வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது நம் பிள்ளைகளும் வெளிநாட்டுத் தன்னார்வ வேலையில் இறங்குகிறார்கள். கல்லூரி முடித்ததும் பாலிக்கும் கம்போடியாவுக்கும் ஏஜென்சிக்குப் பணம் கட்டிக்கொண்டு ‘வாலன்டியர்’ செய்யப் போகும் சென்னை, கோவை இளைஞர்களை எனக்குத் தெரியும். நல்ல மனதோடு போகிறார்கள். ஆனால் போகும் இடத்தைத் தீர விசாரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் வந்து கொஞ்சுவதற்கென்றே, பெற்றோர் உள்ள பிள்ளைகளை அநாதை விடுதிகளில் சேர்க்கும் வியாபாரம் உலகில் உண்டு. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. நீங்கள் போகும் இடத்தில் நிரந்தரமாக வேலை பார்க்கும் உள்ளூர் டீச்சர் எத்தனை பேர், நான் போன பிறகு என் வேலையை யார் செய்வார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

வெளியூர்தான் வேண்டுமென்றால் நாகர்கோவிலிலிருந்து விழிஞ்ஞம் இரண்டு மணி நேர பஸ் பயணம். மலையாளம் தெரியாவிட்டால் பரவாயில்லை. இந்தக் கரையில் தமிழுக்கு யாரும் முகம் திருப்புவதில்லை. உங்கள் ஊரிலேயே கடற்கரை இருந்தால் இன்னும் நல்லது: குளச்சல், முட்டம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் எல்லா இடத்திலும் இதே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜூன் முதல் வாரத்தில் போய்ச் சேருங்கள். போனதும் அங்கிருக்கும் டீச்சரிடம் ஆஜர் புத்தகத்தை வாங்கி, வராத பிள்ளைகள் யார் என்று கேட்டு, அவரோடு கூட நடங்கள்.