தரங்கம்பாடி காணச் செல்வோர்க்கு ஒரு விண்ணப்பம்

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், கடலூரிலுள்ள எங்கள் ஆலயத்திற்கு டென்மார்க் தேசத்தினின்று முதியோர் இருவர், கணவரும் மனைவியுமாக, வந்திருந்தனர். ஆராதனை முடிந்தபின், ஆங்கிலத்தில் இரண்டொரு வார்த்தை பேசத்தக்க வாலிபன் என்னும் ஒரே தகுதிபற்றி, குருவானவர் என்னை அவர்களோடு அமரச் செய்தார். அம்மையாரின் கையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் இருந்தது. கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி ஆகிய மூன்று ஊர்களுக்கும் அதில் தனித்தனித் தாள்கள் ஒதுக்கியிருந்தார். எந்நாளில் எதனைக் காண்பது, அதனைக் காணுமுன் எதனை அறிந்திருத்தல் வேண்டும், எதனை யாரிடம் கேட்பது என்றெல்லாம் வரிவரியாக எழுதியிருந்தார். பத்து நாள் பிரயாணத்திற்கு ஓராண்டு ஆயத்தம் செய்தார்களாம்!

நான் தமிழ் ஆனர்ஸ் மாணாக்கன் என்று அறிந்ததும் பெரியவரின் முகம் மலர்ந்தது. "தஞ்சை மன்னர் எங்கள் அரசருக்கு ஒரு பொன்னோலை அனுப்பினாரே, அது தமிழில் உள்ளதாமே, அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஆவலோடு வினவினார். அப்படி ஓர் ஓலை உண்டென்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என் மௌனத்தைக் கண்டு, "தரங்கம்பாடிக்குப் போனதுண்டா?" என்றார். "இருமுறை" என்றேன். "என்ன கண்டாய்?" என்றார். "கோட்டையையும் கடலையும்" என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவர் நல்லவர், பேச்சை மாற்றினார். எனினும் என் நாணம் மாறவில்லை.

ஆதலின், வாசகர்காள், இக்கட்டுரையில் யான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. ஓர் ஊரைக் காணச் செல்வது வேறு, ஓர் ஊருக்குப் போய்வருவது வேறு. இவ்விரண்டினையும் வேறுபடுத்துவது பணமன்று, தூரமுமன்று. புறப்படுமுன் நாம் செய்யும் ஆயத்தமேயாம்.

முதியவர் கேட்ட பொன்னோலை கற்பனைப் பொருளன்று. 1620ஆம் ஆண்டில் ஓவ் யெட்டே என்னும் கடற்படைத் தலைவன் டேனியக் கப்பல்களோடு சோழமண்டலக் கரையை அடைந்தான். அப்போது தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் டேனியரோடு உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வாணிகம் நடத்தவும் இசைந்தார். டென்மார்க் வேந்தர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் பொற்றகட்டிலே தமிழெழுத்தாற் பொறித்து விடுத்த முடங்கல், இன்றும் கோபன்ஹேகன் நகரத்து அரசாங்க ஆவணக் காப்பகத்தில் உள்ளது. நம் மொழியின் ஓர் ஏடு வடகடலோரத் தலைநகரில் பொன்னாய் இருக்க, அதனைப்பற்றி அந்நாட்டார் வந்து நம்மை வினவ, நாம் விழிக்கின்றோம். இது தகுமா?

நம் மாணாக்கர் ஊர்காணும் முறையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். விடியுமுன் கடலூரில் வாடகை வண்டி ஏறுகின்றோம். பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி என நான்கு ஊர்கள். ஊருக்கு ஒரு மணி நேரம். கோட்டைமுன் நின்று படம் பிடித்துக்கொள்கின்றோம். நெடிய சாலையிற் பாட்டுப் பாடுகின்றோம். நள்ளிரவில் வீடு சேர்கின்றோம். மறுநாள் எவரேனும் கேட்பின், வழியில் உண்ட பரோட்டாவின் சுவையை விரித்துரைக்கின்றோமேயன்றி, ஊரைப்பற்றி ஒரு வாக்கியம் உரைக்க இயலவில்லை. என் முதல் இரண்டு பிரயாணங்களும் இத்தகையனவே.

"மாணாக்கரிடம் பணமேது? ஒரே செலவில் நான்கு ஊரையும் பார்த்துவிடுவதே சிக்கனம்" என்பர் சிலர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். பின்னர்க் காகிதமும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்டேன். வாடகை வண்டிக்கு ஒவ்வொருவரும் கொடுத்த பங்கும், அரசுப் பேருந்தில் சென்று எளிய அறையொன்றில் மூவராக ஓரிரவு தங்கும் செலவும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. குறைவது பணமன்று, பொறுமையே. நான்கு ஊர்களை இழந்து ஓர் ஊரைப் பெறுவது நட்டமாகாது. ஓர் ஊரையும் பெறாது நான்கு ஊர்களைச் சுற்றுவதே நட்டம்.

இனி ஆயத்தம் எவ்வாறு செய்வதென்பதைக் கூறுவேன். மாசி மாதத்தில் நண்பர் இருவரோடு மூன்றாம் முறையாகத் தரங்கம்பாடி சென்ற அனுபவம்பற்றியே இதனைச் சொல்லத் துணிகின்றேன்.

முதலாவது, பிரயாணத்தை நம் ஊரிலேயே தொடங்குதல் வேண்டும். கடலூருக்கும் வடதேசங்களுக்கும் உள்ள உறவு சிறிதன்று. கீர்நாண்டர் என்னும் சுவீடன் தேசத்துக் குரு 1740ஆம் ஆண்டு இங்கு வந்து பல்லாண்டு ஊழியம் செய்தார். 1758இல் பிரெஞ்சுக்காரர் கடலூரைக் கைப்பற்றியபின் கல்கத்தா சென்றார். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் டேனிஷ் மிஷனரி சங்கத்தாரின் ஊழியத்தால் எழுந்ததே. பஸ் ஏறுமுன் ஒரு மாலை தேவனாம்பட்டினம் கரையில் நடந்து, புனித டேவிட் கோட்டை நின்ற இடத்தைக் கண்டோம். ஐரோப்பியர் பலர் ஒரே கரையில் ஏன் போட்டியிட்டனர் என்னும் வினா அங்கே பிறந்தது. வினா ஒன்றேனும் கையில் இல்லாது புறப்படுதல் ஆகாது.

இரண்டாவது, ஒரு பகலேனும் படித்தல் வேண்டும். சிதம்பரம் வழியிலேயே உள்ளது. 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில், உரியவரிடம் அனுமதி பெற்று, ஒருநாள் அமர்ந்தோம். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய சீகன்பால்குவைக் குருவாக மட்டுமே அறிந்திருந்தோம். அவர் டேனியரல்லர், டேனிய அரசர் அனுப்பிய ஜெர்மானியர் என்பதையும், சிறுவரோடு மணலில் விரல்கொண்டு எழுதித் தமிழ் கற்றார் என்பதையும், தமிழ்ச் சுவடிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தேடி 1708இல் அவற்றிற்கு அட்டவணை வகுத்தார் என்பதையும் அங்கே அறிந்தோம். தமிழ் ஆனர்ஸ் பயிலும் எமக்கு அவர் திடீரென மூத்த மாணாக்கராகத் தோன்றினார்.

மூன்றாவது, பருவமும் கிழமையும் பார்த்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் நம் கரையை வருத்தும். சித்திரை வெயில் தெருவில் நடக்க விடாது. தையும் மாசியும் தக்க காலம். அருங்காட்சியகங்களின் வார விடுமுறையை முன்னரே விசாரித்தறிதல் நலம். காலையில் நடத்தல், நடுப்பகலில் உள்ளிடங்களைக் காணல், மாலையில் கரைக்குச் செல்லல் என வகுத்துக்கொள்ளின், கால்களும் வருந்தா, கண்களும் சலியா.

நான்காவதே முதன்மையானது. நமக்கு உவப்பானதை மட்டும் காண்பேம் என்று செல்லுதல் கூடாது. இதனைச் சற்றே விளக்குவேன்.

சிதம்பரத்தினின்று கொள்ளிடம் கடந்து, சீகாழி, திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடியை அடைந்தோம். ஊர் வாயிலிலே 1792ஆம் ஆண்டைத் தாங்கிய வெண்ணிற வளைவு நம்மை வரவேற்கின்றது. அதனுள் நுழைந்தால் இராஜ வீதி. 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயமும் அருகருகே நிற்கின்றன. புதிய எருசலேமில் சீகன்பால்குவின் கல்லறை முன் நெடுநேரம் நின்றேன். 1715இல் தமிழிற் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவர், நான்காண்டுகளில், முப்பத்தாறு வயதில், இங்கே அடக்கமானார். கிறிஸ்தவனாகிய யான் அவ்வளவோடு மனம் நிறைந்து திரும்பியிருப்பேன். உடன்வந்த நண்பனோ கடற்கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலைக் காண விழைந்தான். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது அது. அதன் முன்பகுதியைக் கடல் கவர்ந்துகொண்டது. அக்கோயிற் கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி எனப்படுகின்றது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே பெயரும் புகழும் உடைய ஊர் என்பதை அக்கற்களே எனக்குக் கற்பித்தன. என் ஆலயத்தை மட்டும் கண்டிருந்தால் ஊரின் பாதியையே கண்டிருப்பேன்.

டான்ஸ்போர்க் கோட்டையும் அவ்வாறே. அதனைப் படம் பிடிப்பார் பலர். அதனுள் சீகன்பால்கு சிறையிருந்தார் என்பதை நினைப்பார் சிலர். ஏழை விதவை ஒருத்திக்காகப் பரிந்து பேசியதால் டேனியத் தளபதிக்கும் அவருக்கும் பகை மூண்டது. 1708ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி நான்கு மாதம் அவர் அக்கோட்டையில் அடைபட்டார். அரசர் அனுப்பிய குருவை அரசரின் தளபதியே சிறையிட்டான்! பஞ்சத்தால் தம்மையும் தம் மக்களையும் விற்ற எளியோர் இத்துறையினின்றே அடிமைகளாய்க் கப்பலேறியதும் அக்கோட்டையின் வரலாறேயாம். 1845இல் பன்னிரண்டரை இலட்ச ரூபாய்க்குத் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் டேனியர் ஆங்கிலக் கம்பெனியாருக்கு விற்றனர். ஊரார் சம்மதத்தைக் கேட்டார் எவருமிலர். அழகிய சுவர்களைக் காணும்போது இவற்றையும் உடன் காணாதவன் சுவரை மட்டுமே கண்டவனாவான்.

மாலையில் மீனவர் குடியிருப்பின் பக்கம் நடந்தோம். வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "கோட்டை பார்க்க வருகிறவர்கள் எங்கள் தெருப் பக்கம் வருவதில்லை, தம்பி" என்றார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாட் காலை, கடல் எவ்வழியாக உட்புகுந்தது என்பதைக் கையால் சுட்டிக்காட்டினார். எங்கள் தேவனாம்பட்டினமும் அதே காலையில் அழுதது என்றேன். "அப்படியானால் நீயும் நம்ம பிள்ளைதான்" என்று கூறி, அருகில் அமரச் செய்து தேநீர் வரவழைத்தார். அவர் சொன்னவற்றை எந்நூலகத்திலும் கண்டிலேன். நான்கு ஊர் சுற்றும் வண்டியில் வந்திருப்பின் அந்தத் தேநீருக்கு நேரம் ஏது?

என் வகுப்புத் தோழர் சிலர் கோபன்ஹேகனுக்கு ஒருமுறை சென்றுவர வேண்டுமென்று கனாக் காண்பதுண்டு. அந்நகரின் துறைமுகத்துக் கடற்கன்னிச் சிலையையும், ஆனி மாதத்து நீண்ட பகலையும் திரைப்படங்களிற் கண்டு மயங்குகின்றனர். அவ்விருப்பத்தை யான் குறைகூறேன்; யானும் விரும்புகின்றேன். ஆனால் விமானக் கட்டணமும் விசாவும் கிடைத்த அன்றைக்கு நாம் எவ்வகைக் கண்ணோடு அங்கே இறங்குவோம்? தரங்கம்பாடியை ஒரு மணி நேரத்தில் முடித்தவன் கோபன்ஹேகனையும் ஒருநாளில் முடித்து, சிலையருகே நின்ற படத்தோடு மீளுவான். தரங்கம்பாடியைப் பொறுமையோடு கண்டவனோ, ஆவணக் காப்பகத்தின் வாயிலைத் தேடிச் சென்று, "எங்கள் மன்னர் அனுப்பிய ஓலையைக் காட்டுவீர்களா?" என்று கேட்பான். தூரதேசத்தைக் காணும் பயிற்சி அண்டை ஊரிலேயே தொடங்குகின்றது என்பது என் துணிபு.

ஆகவே நம் கல்லூரித் தமிழ்மன்றத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வருகிற ஆண்டுச் சுற்றுலாவிற்கு நான்கு ஊர்களை வகுக்கவேண்டா. ஓர் ஊரே போதும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே ஒவ்வொரு மாணாக்கரும் ஒரு வினாவைத் தேர்ந்து அதுபற்றிப் படித்து வருக. ஓரிரவேனும் அவ்வூரில் தங்குக. கோயிலும், ஆலயமும், பள்ளிவாசலும், கோட்டையும், மீனவர் தெருவும் ஆகிய யாவற்றையும் எல்லோரும் ஒருங்கே காண்க. திரும்பியபின் அவரவர் வினாவிற்குக் கிடைத்த விடையை இம்மலரில் எழுதுக.

அந்த டேனிய முதியோரின் முகவரி என்னிடம் உண்டு. பொன்னோலையின் வாசகத்தைத் தேடிப் படித்து, அதன் பொருளை அவருக்கு எழுதுவதாக வாக்களித்துள்ளேன். அவ்வாக்கை நிறைவேற்றும் நாளில்தான் தரங்கம்பாடியை யான் கண்டு முடித்தவனாவேன்.