விழுந்த பிறகுதான் கை கொடுப்பார்களாம்

என் மனைவியின் அண்ணன் மகளுக்கு வயது முப்பத்து நான்கு. சோமனூரில் எட்டுத் தறி ஓட்டும் குடும்பம். முதலில் ஒரு கண் மங்கி, பிறகு தெளிந்தது. மறு வருடம் இடது கால் மரத்தது. ஸ்டீராய்டு ஏற்றியதும் ஓரளவு திரும்பியது. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்றார்கள்.

அரசுப் படிவங்களில் இதற்குத் தண்டுவட மரப்பு நோய் என்று பெயர். அரைகுறைப் பெயர், மூளையும் கண் நரம்பும் அதில் இல்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். 1868-ல் பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ இதை 'ஸ்க்லெரோஸ் ஆன் ப்ளாக்' என்றார். திட்டுத் திட்டாக இறுகிப் போவது என்று பொருள். எங்கே இறுகும் என்று அவர் எல்லை கட்டவில்லை.

உடம்பின் காவல் அணுக்களே நரம்பின் மேலுறையைத் தின்கின்றன, எலி கடித்த மின்கம்பி மாதிரி. அதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோவையில் ஒரு நரம்பியல் மையத்தில் ரிட்டுக்சிமாப் ஏற்றுகிறார்கள். ஒவ்வாமை வராமலிருக்க முன்மருந்து, பிறகு மெதுவாகச் சொட்டும் பாட்டில், மணிக்கொரு தரம் ரத்த அழுத்தம். சாயங்காலம் வீடு. போன நரம்பை இந்த மருந்து மீட்டுத் தராது. அடுத்த தாக்குதலைத்தான் தடுக்கும். ஆகவே நன்றாக நடக்கும்போதே ஏற்ற வேண்டும்.

இந்த ஒரு விஷயம்தான் நம் சட்டத்துக்குப் புரியவில்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்நோயைப் பட்டியலில் சேர்த்தது. சரி. ஆனால் சலுகைகள் பலவற்றுக்கும் 40 சதவீத ஊனம் காட்ட வேண்டும். சான்றிதழ் வாங்கப் போனோம். காலை பத்து மணி, குளிர்ந்த அறை. "நல்லா நடக்கறீங்களே அம்மிணி" என்றார்கள். சித்திரை வெயிலில், தறிக்கூடத்துச் சூட்டில், அதே கால் இழுப்பதை யார் அளப்பது? அளவு கூடும்வரை காத்திருந்தால் மருந்துக்கு வேலை இல்லை.

காப்பீட்டு நிறுவனம் இன்னும் ஒரு படி மேல். "24 மணி நேரம் படுக்கவில்லை, பணம் இல்லை" என்று ஒரு வரிக் கடிதம். முப்பது வருடம் கோப்பு எழுதியவன் நான். ஒரு வரிக் கடிதம் என்றாலே விதியைத் தேடுவேன். 2020 அக்டோபர் 1 முதல், ஊசியாகத் தரும் மோனோகுளோனல் ஆன்டிபாடி சிகிச்சையைப் பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே சொல்லியிருக்கிறது. ரிட்டுக்சிமாப் அந்த வகைதான். புற்றுநோய் மருந்தாயிற்றே என்று வாதிட்டாலும் செல்லாது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் இந்நோய்க்கான அத்தியாவசிய மருந்துகளில் அதைச் சேர்த்துவிட்டது. 2007 முதல் இந்தியாவிலேயே தயாராகி, அயல்நாட்டு மருந்தைவிட மலிவாகவும் கிடைக்கிறது.

இப்படிச் சலுகை கொடுத்தால் மோசடி பெருகும் என்பார்கள். நரம்பியல் மருத்துவர் கடிதத்தையும் எம்ஆர்ஐ படத்தையும் கேட்கட்டும். வெள்ளைத் திட்டுகளை யாரும் நடித்துக் காட்ட முடியாது.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கடிதம் வந்திருந்தால் கிழித்துப் போடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கே ஆட்சேபம் எழுதுங்கள். மசியாவிட்டால் ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். எங்கள் மனு போன திங்கள் பதிவுத் தபாலில் போயிற்று. அடுத்த பாட்டில் ஐப்பசியில்.