வீதி போட்ட கணக்கும் வீதி தந்த கணக்கும்

டென்மார்க்கில் வாழும் எமது பெற்றோருக்கு ஸ்டோரபெல்ட் பாலத்தைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. யூலன்டிலிருந்து கோப்பன்கேகன் செல்ல வாகனக் கப்பலுக்குக் காத்திருந்த காலத்தை அவர்கள் அறிவர். 1998 ஜூன் 14 அன்று வாகனங்களுக்குத் திறக்கப்பட்ட அந்த 18 கிலோமீற்றர் இணைப்பு, ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கியது.

இத்தகைய திட்டங்களின் பயனை எதைக்கொண்டு அளப்பது? "இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை" என்பதே எந்நாட்டு அரசியல்வாதிக்கும் முதல் வாக்கியம். பொறியியல் பயின்றவன் என்ற வகையில் இக்கணக்கு எனக்கு உடன்பாடன்று. தொழிலாளிக்கு வழங்கும் ஊதியம் திட்டத்தின் செலவு. அதையே வரவிலும் எழுதுவது, வீடு கட்டியவர் மேசனுக்குக் கொடுத்த கூலியைத் தம் வருமானமாகக் காட்டுவதற்கு ஒப்பாகும். வேலையின்மை மிகுந்த காலமெனில் ஓரளவு விலக்கு உண்டு. ஏனைய காலங்களில் அத்தொழிலாளர் வேறொரு வேலைத்தளத்தை விட்டு வந்தவர்களே. மேலும், வேலைகளைத்தான் எண்ணுவதென்றால், பாலம் திறந்ததும் கப்பற்சேவையில் இல்லாமற்போன வேலைகளையும் கழிக்க வேண்டுமல்லவா?

டென்மார்க்கின் போக்குவரத்துத் திட்ட மதிப்பீடுகளில், மிச்சமாகும் பயணநேரமே பெரும்பாலும் முதன்மையான வரவு. கட்டுமானச் செலவு, பராமரிப்பு, விபத்து, இரைச்சல், புகை ஆகியன அதனுடன் சேர்த்து எடைபோடப்படும். வீதி இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதே அங்கு ஒப்பீட்டின் அடிப்படை.

இந்த அளவுகோலை எமது ஏ-9 வீதிக்கும் பொருத்திப் பாருங்கள். 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடுண்டு, 2009 இல் மீண்டும் திறந்து, பின்னர் சீனக் கடனில் புனரமைக்கப்பட்ட வீதி அது. யாழ்ப்பாணத்து விளைபொருள் தெற்கே போனது உண்மை. தென்னிலங்கைப் பொருள்கள் வடக்கின் சந்தைகளை நிறைத்ததும் உண்மை. எது மிகுதி? இதற்கு விடைகாண முந்தைய நிலை பற்றிய புள்ளிவிபரம் வேண்டும். 1981 இன் பின் வடக்கு முழுவதையும் உள்ளடக்கிய குடிசனமதிப்பு 2012 இலேயே நடந்தது. இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகள் வெற்றிடம். இதனால் வீதியால் வளம் பெருகியது என்பாரும், கடனே பெருகியது என்பாரும் தத்தம் விருப்பப்படி பேச முடிகிறது.

பொருளியலும் புள்ளியியலும் பயிலும் எமது இளையோர் தம் ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தலைப்புத் தேடுவதைக் காண்கிறேன். கிளிநொச்சிச் சந்தையின் நெல், வெங்காய விலைகளையும், பேருந்துப் பயணநேரங்களையும் ஆண்டுதோறும் பதிவுசெய்யும் பணியை அவர்கள் அங்குள்ள மாணவர்களுடன் இணைந்து இப்போதே தொடங்கலாம். அடுத்த வீதி போடப்படுமுன் அப்பதிவு கையில் இருக்க வேண்டும்.